இயங்க மறுக்கும் இயந்திரம்: யாழ்ப்பாணத்துப் பழைய கார்களும் நோயறியும் முறையும்

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு முதன்முறையாக வருவோர் வியப்புடன் குறிப்பிடுவனவற்றுள் அதன் பழைய கார்களும் அடங்கும். பிறவிடங்களில் நூதனசாலைக்கும் கண்காட்சிக்கும் உரியனவாகிவிட்ட ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் முதலிய பிரித்தானிய வண்டிகள் இங்கு நெடுங்காலம் வாடகைக்கு ஓடின. அவற்றுட் சிலவற்றை இன்றும் வீதிகளிற் காணலாம். இவ்வண்டிகளைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அவற்றின் வளைந்த முதுகையும் வட்டக் கண்களையும் புகழ்வதோடு அமைந்துவிடுகின்றனர். அவ்வழகை மறுப்பதற்கில்லை. ஆயின், அறுபது எழுபது ஆண்டு வயதான ஓர் இயந்திரம் ஒரு விடியற்காலையில் உயிர்பெற மறுக்குமிடத்து அதற்கான காரணம் எவ்வாறு கண்டறியப்படுகின்றது என்ற வினா அழகைக் காட்டிலும் ஆழமானது. அந்த வினாவுக்குக் குடாநாட்டு மக்கள் கண்ட விடை, அவர்தம் அண்மைக்கால வரலாற்றோடு பின்னிப் பிணைந்தது.

இவ்வண்டிகள் இங்கு தங்கியமைக்குப் பழம்பொருள் மீதான காதல் காரணமன்று. 1948 இல் இலண்டன் மோட்டார்க் கண்காட்சியில் அறிமுகமான மொறிஸ் மைனரும், 1952 முதல் 1954 வரை உற்பத்தியான ஏ40 சோமசெற்றும் இலங்கைக்கு வந்த காலத்தில் புதிய வண்டிகளாகவே வந்தன. 1960களின் தொடக்கத்தில் ஏற்பட்ட அந்நியச் செலாவணி நெருக்கடியும் அதனையொட்டிய இறக்குமதிக் கட்டுப்பாடுகளும் புதிய கார்களின் வரவைச் சுருக்கின. இருப்பதைப் பேணவேண்டிய நிலை நாடு முழுவதற்கும் பொதுவாயிற்று. 1977 இன் பின்னர் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டபோது தென்னிலங்கை வீதிகளின் தோற்றம் மாறியது. வடக்கிலோ, அம்மாற்றம் வேரூன்றுமுன் போர் வந்துவிட்டது.

கார் ஒன்றைத் தொடக்குதல் என்பது முதலில் மின்சாரத்தின் வேலையாக இருக்கவில்லை. முன்புறத்தில் இரும்புக் கைபிடியைச் செருகிச் சுழற்றுவதே ஆதி முறை. இயந்திரம் காலத்துக்கு முந்தி வெடித்துப் பின்னோக்கி உதைக்குமாயின் சுழற்றியவரின் மணிக்கட்டு முறியும். அதனாலேயே பெருவிரலை ஏனைய விரல்களோடு ஒரே பக்கத்தில் வைத்துப் பிடிக்குமாறு அனுபவசாலிகள் கற்பித்தனர். சாள்ஸ் கெற்றரிங் என்னும் அமெரிக்கர் வடிவமைத்த மின் ஸ்ராட்டர் 1912 ஆம் ஆண்டுக் கடிலக் கார்களிற் பொருத்தப்பட்டதோடு அந்த ஆபத்து நீங்கத் தொடங்கியது. எனினும் ஐம்பதுகளின் பிரித்தானியக் காரில் கைபிடிக்கான துளையும் இருந்தது. மின் ஸ்ராட்டரும் இருந்தது. இரண்டு காலங்களுக்கு நடுவே நிற்கும் இத்தகைய வண்டி, பின்னாளில் குடாநாட்டின் தேவைக்கு அளவெடுத்துச் செய்யப்பட்டதுபோல் ஆயிற்று.

வண்டி தொடங்காதபோது அறியாதவர் செய்வது மீண்டும் மீண்டும் ஸ்ராட்டரை இழுப்பதே. அறிந்தவர் முதலில் கேள்வி கேட்பார். குடாநாட்டுக் கராச் ஒன்றில் அது பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும்:

“மாஸ்ரர், ஹெட்லைற்றைப் போட்டிட்டு ஸ்ராட்டரை இழுங்கோ, பாப்பம். வெளிச்சம் மங்குதோ, அப்பிடியே நிக்குதோ?”

“மங்கேல்லைத் தம்பி. அப்பிடியே நிக்குது. ஒரு சத்தமும் இல்லை.”

“அப்ப பற்றரியிலை கையை வையாதேங்கோ. அது பாவம்.”

இந்தச் சிறு உரையாடலில் ஒரு முழுத் தருக்கமும் அடங்கியுள்ளது. விளக்கு சிறிதும் மங்காது நிற்குமாயின் ஸ்ராட்டருக்கு மின்னோட்டம் செல்லவே இல்லை என்பது பொருள். குற்றம் சுவிச்சிலோ, அதனைத் தொடரும் தடித்த வயரிலோ, ஸ்ராட்டரின் உள்ளே தேய்ந்துபோன கரித்துண்டுகளிலோ, இயந்திரத்தைக் காரின் உடலோடு இணைக்கும் எர்த் பட்டையிலோ இருத்தல் வேண்டும். விளக்கு மெல்ல மங்கி, இயந்திரமும் முனகியவாறு சுழலுமாயின் பற்றரி இளைத்துவிட்டது. ஒரு தட்டொலி கேட்டு, விளக்கு மங்கி, இயந்திரம் அசையாது நின்றால் ஸ்ராட்டரின் பற்சக்கரம் பெருஞ்சக்கரத்தின் பற்களிடையே சிக்கிக்கொண்டிருக்கலாம். அப்போது வண்டியை உயர் கியரில் வைத்து முன்னும் பின்னும் ஆட்டினாற் போதும். விளக்கு முற்றாக அணைந்து, சற்று நேரத்தில் மீண்டும் எரியுமாயின் பற்றரியின் முனையிலே தொடுகை கெட்டிருக்கிறது. எந்தக் கருவியும் இன்றி, ஒரு விளக்கையும் இரண்டு கண்களையும் கொண்டு, ஐந்தாறு சாத்தியங்கள் ஒன்றிரண்டாகக் குறைக்கப்பட்டுவிடுகின்றன.

பற்றரி முனையில் மறையும் குறையே புதியவர்களைப் பெரிதும் ஏமாற்றுவது. “சிறு விளக்கு நன்றாக எரிகின்றதே, பற்றரியிலிருந்து மின்சாரம் வராமலா எரிகின்றது?” என்பர். இதற்கு விடை 1827 இல் யேர்மனியரான ஓம் வெளியிட்ட விதியில் இருக்கின்றது. மின்னோட்டத்தைத் தடையாற் பெருக்க வருவது அவ்விடத்தில் இழக்கப்படும் அழுத்தம். பச்சைக் களிம்பு பிடித்த ஒரு முனையின் தடை 0.02 ஓம் எனக் கொள்வோம். சிறு விளக்கு அரை அம்பியர் அளவே எடுக்கும், இழப்பு 0.01 வோல்ற்று, கண்ணுக்குப் புலப்படாது. ஸ்ராட்டரோ 150 அம்பியர் அளவில் எடுக்கும். அப்போது இழப்பு 3 வோல்ற்று. 12 வோல்ற்று வண்டியொன்றில் நான்கிலொரு பங்கு களிம்பிலேயே கரைந்துபோகின்றது. களிம்பு இன்னும் தடித்தால் ஸ்ராட்டர் வாயே திறவாது. ஓய்விலிருக்கும்போது மானியை வைத்து அளந்தாலும் 12 வோல்ற்றுக்கு மேலேயே காட்டும். சுமை ஏற்றிப் பார்த்தாலன்றி வெளிப்படாத குறை அது. மனிதரிடத்தும் இது உண்டு எனச் சொல்லத் தோன்றும். ஆயின் உவமையை இழுத்துச் சென்றால் காரை மறந்துவிட நேரும்.

கடல் சூழ்ந்த நிலத்தில் களிம்பு ஒரு விபத்தன்று, வாழ்வின் பகுதி. உப்புக் காற்று செம்பையும் ஈயத்தையும் இரும்பையும் ஒருங்கே அரிக்கின்றது. அதிலும் எர்த் பட்டை அரிபட்டால் விளையும் குறை விசித்திரமானது. இயந்திரம் இறப்பர்த் தாங்கிகளின் மேல் அமர்ந்திருப்பதால் அதற்கும் உடலுக்கும் இடையிலான மின்தொடர்பு அப்பட்டையைப் பொறுத்தே உள்ளது. அது அற்றுவிட்டால் மின்னோட்டம் வேறு வழி தேடும். மெல்லிய சோக் கம்பியூடாகவும் செல்லும். ஸ்ராட்டரை இழுத்தவுடன் சோக் கம்பி சுடுமாயின் தேர்ந்தவர் வேறெதையும் பாராமல் காரின் கீழே படுத்து அப்பட்டையைத் தேடுவார். உப்புத்தாளால் இரு முனைகளையும் தேய்த்து, இறுக்கி, மேலே கிறீஸ் பூசிவிட்டால் வேலை முடிந்தது. செலவு ஏதுமில்லை. இதனை அறியாதவர் ஸ்ராட்டரைக் கழற்றிப் புதியது வாங்கிப் போட்டும் வண்டி தொடங்காமையைக் கண்டு திகைப்பர்.

காரணத்தை நாடியபின்பே மருந்தை நாடுக என்னும் இம்முறை தமிழர்க்குப் புதிதன்று. திருக்குறளின் மருந்து அதிகாரத்தில் வரும் 948 ஆம் குறள் இதனையே சொல்கின்றது. 1956 இல் வெளிவந்த மொறிஸ் மைனர் 1000 என்னும் வகையின் இயந்திரக் கொள்ளளவும் 948 கனசென்ரிமீற்றர் என்பது வெறும் தற்செயல். ஆயினும் தமிழ் படித்த ஒருவர் பழைய மைனரின் முன்மூடியைத் திறக்கும்போது அவ்வெண்ணை நினைத்துக்கொள்வதில் தவறில்லை.

ஸ்ராட்டர் நன்றாகச் சுழன்றும் இயந்திரம் பற்றாவிட்டால் விசாரணை வேறு திசையிற் செல்லும். மைனரில் சாவியைத் திருப்பியதும் பெற்றோல் பம்பியின் ‘டிக் டிக்’ ஒலி கேட்கவேண்டும். அதுவும் மின்சாரத்தால் இயங்குவதே. ஒலியில்லையெனில் சாவிக்கோலின் பிடியால் மெல்லத் தட்டினாற் பலவேளைகளில் விழித்துக்கொள்ளும். பின்னர் பிளக் வயரைக் கழற்றி இயந்திரத்தின் உடலருகே பிடித்துப் பொறி பாய்கின்றதா எனப் பார்க்கவேண்டும். பொறியில்லையாயின் டிஸ்றிபியூட்டரின் மூடியைத் திறந்து பொயின்ற்றை நோக்குக. அதன் இடைவெளி ஓர் அங்குலத்தின் ஆயிரத்திற் பதினைந்து பங்கு, அஃதாவது 0.38 மில்லிமீற்றர் அளவில் இருத்தல் வேண்டும். சில வாரம் நின்ற வண்டியில் அதன் முகங்களிற் படர்ந்த மெல்லிய படலமே மின்னோட்டத்தை மறித்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் மூடியின் உட்புறத்து ஈரம் பொறியைக் களவாடும். உலர்ந்த துணியால் துடைப்பதே மருந்து.

இவையெல்லாம் உலகெங்கும் உள்ள கைந்நூல்களிற் காணப்படுவன எனலாம். உண்மையே. குடாநாட்டில் இவ்வறிவு பெற்ற கூர்மைக்கு வேறொரு காரணம் உண்டு. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டது. அவ்வாண்டிலேயே குடாநாட்டுக்கான மின்விநியோகம் நின்றது. தரைப்பாதை அடைபட்டது. பெற்றோலும் பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருள்களுள் அடங்கின. கைவிளக்கில் இடும் சிறு பற்றரிக்குங்கூட அனுமதியில்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, அதன் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்ட காலம் அது. கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின.

மண்ணெண்ணெய் குளிர்ந்த இயந்திரத்தில் எளிதில் ஆவியாகாது. எனவே தொடங்குவதற்கு மட்டும் சிறிதளவு பெற்றோல் ஊற்றப்பட்டது. இயந்திரம் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றப்பட்டது. அந்தச் சிறிதளவு பெற்றோல் ஒரு போத்தலில், மருந்தைப் போலப் பேணப்பட்டது. இந்நிலையில் தொடங்கும் முயற்சி ஒவ்வொன்றும் இரண்டு அரிய பொருள்களை உண்டது: போத்தலிலுள்ள பெற்றோலையும் பற்றரியிலுள்ள மின்னையும். இரண்டில் எது தீர்ந்தாலும் மீளப்பெறுவது கடினம். பற்றரியைச் சார்ஜ் செய்ய மின்விநியோகம் இல்லை, மின்பிறப்பாக்கியை நம்பவேண்டியதாயிற்று, அதற்கும் எண்ணெய் வேண்டும். இழுத்துப் பார்ப்போம், பற்றினாற் பற்றட்டும் என்ற பழக்கம் இயல்பாகவே கட்டுப்படியாகாத ஒன்றாகியது. முயன்று அறிதல் விலையுயர்ந்தபோது எண்ணி அறிதல் கட்டாயமாயிற்று. விளக்கைப் போட்டுப் பார்த்தல், முனையைத் தொட்டுச் சூடு அறிதல், பம்பியின் ஒலியைக் கேட்டல் ஆகிய கேள்விகள் ஸ்ராட்டரை இழுக்குமுன் கேட்கப்பட்டன.

மண்ணெண்ணெயும் தன் பங்குக்குப் புதிய நோய்களைக் கொணர்ந்தது. முற்றாக எரியாத எண்ணெய் பிளக்கிற் கரியாகப் படியும். கரி மின்னைக் கடத்தும்; பொறி இடைவெளியைத் தாண்டாமல் கரி வழியே நழுவும். ஆகவே வலுக்குன்றிய பற்றரி, கரிபடிந்த பிளக், குளிர்ந்த இயந்திரம் ஆகிய மூன்றும் கூடிய காலைப்பொழுதில் குற்றவாளி எதுவெனப் பிரித்தறிவது எளிதன்று. இங்குதான் வண்டியைத் தள்ளித் தொடக்குதல் உதவிக்கு வந்தது. அது வண்டியைத் தொடக்கும் வழி மட்டுமன்று; ஒரு சோதனையுமாகும். ஸ்ராட்டர் சுழலும்போது இளைத்த பற்றரியின் அழுத்தம் எட்டு வோல்ற்றுக்குக்கூட வீழலாம். அப்போது கொயிலுக்குக் கிடைப்பது எச்சமே, பொறி மெலிந்துவிடும். தள்ளும்போதோ கைபிடியாற் சுழற்றும்போதோ பற்றரியில் எஞ்சிய வலு முழுவதும் கொயிலுக்கே போய்ச் சேரும். எனவே ஸ்ராட்டரால் தொடங்காத வண்டி தள்ளியவுடன் தொடங்குமாயின் கொயிலும் பொயின்ற்றும் குற்றமற்றவை. பற்றரியையோ அதன் தொடுகைகளையோ விசாரிக்கவேண்டும். தள்ளியும் தொடங்காவிடின் விசாரணை பொறியின் பக்கம் திரும்பும். நான்கு இளைஞர் தெருவிற் காரைத் தள்ளிச் செல்லும் காட்சியைக் கண்டு சிரித்தவர் உண்டு. அது ஒரு பரிசோதனை என்பதை உணர்ந்தவர் சிலரே.

பழைய வண்டியின் டைனமோவும் அக்காலத்தில் துணைநின்றது. பிற்கால வண்டிகளின் அல்ரனேற்றர் மின்னைப் பிறப்பிக்கத் தொடங்குவதற்குப் பற்றரியிலிருந்து சிறிது மின் கடன் வாங்கவேண்டும். டைனமோவின் இரும்பில் எஞ்சியிருக்கும் காந்தமே அதற்கு வித்தாக அமைவதால், பற்றரி மிக நலிந்தபோதும் வேகமாகச் சுழன்றால் அது தானே விழித்தெழும். முற்றாகச் செத்த பற்றரியோடு தொடங்குவது இதிலும் கடினமே. ஆனால் அரையுயிர்ப் பற்றரியோடு ஆண்டுகள் ஓட்ட முடிந்தது. அவ்வரையுயிரைக் காப்பதும் ஒரு கலை. குடாநாட்டின் நிலத்தடி நீர் சுண்ணாம்புக்கல்லினூடே ஊறி வருவது. அதன் உப்புகள் பற்றரித் தகடுகளைக் கெடுக்கும். ஆகவே காய்ச்சி வடித்த நீர் இல்லாதவிடத்துக் கிணற்று நீரைக் காட்டிலும், கூரையிற் படாது நேரே கண்ணாடிப் பாத்திரத்தில் ஏந்திய மழைநீர் மேலானது. வெப்ப நாடுகளில் அமிலம் நீர்த்த நிலையிலேயே நிரப்பப்படும் என்பதும் கவனத்திற்குரியது. குளிர்நாட்டிற் பற்றரி நிறைந்தால் 1.28 அளவில் நிற்கும் அமிலத்தின் அடர்த்தி, இங்கு 1.21 முதல் 1.23 வரை நின்றாலே நிறைவாகும். இதனை அறியாது ஆங்கில நூலின் எண்ணைப் பார்த்து அமிலம் ஊற்றியோர் தகடுகளை விரைவில் இழந்தனர்.

இவற்றையெல்லாம் சொல்லும்போது பொருளாதாரத் தடையை ஓர் ஆசிரியனாகப் போற்றும் மனப்பாங்கு எழுதல் கூடும். அது ஏற்கத்தக்கதன்று. நள்ளிரவில் பிரசவ வேதனையுற்ற பெண்ணை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்ல அழைக்கப்பட்ட வாடகைக் கார் தொடங்காவிடின், அங்கு ஓமின் விதியின் நுட்பத்தை வியக்க எவருக்கும் மனம் வராது. 1995 ஒக்ரோபர் 30 ஆந் திகதி வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் இடம்பெயர்ந்தபோது பெரும்பாலானோர் மழையில் நடந்தும் சைக்கிளை உருட்டியுமே நாவற்குழிப் பாலத்தைக் கடந்தனர். தொடங்காத வண்டி வீட்டில் நின்றது. அதில் ஏறியிருக்கவேண்டிய முதியவர் நடந்தார். கூர்மை வளர்ந்தது உண்மை. அதற்குக் கொடுத்த விலையும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைத்தல் நேர்மையாகாது.

இதே தீவின் மறுமுனையில் நடந்த ஒன்றை இங்கு ஒப்புநோக்கலாம். இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர்களைப் புதுப்பித்துவந்த சாள்ஸ் வெயர் என்பவர், காரை மாற்றிக்கொண்டே இருப்பதைவிட நீடித்துப் பேணுவதே சிக்கனம் என வாதிட்டு 1982 இல் ஒரு நூல் எழுதினார். பின்னர் 1990களில் அவருடைய முயற்சியால் தென்னிலங்கையில் மைனருக்கான உதிரிப்பாகங்கள் செய்யும் பட்டறை ஒன்று இயங்கியது. அங்கு அடிக்கப்பட்ட தகடுகள் கடல் கடந்து இங்கிலாந்துக்குச் சென்றன. அதே ஆண்டுகளில் அதே வகைக் கார் ஒன்றுக்கு ஒரு பற்றரி ஓமந்தையைத் தாண்டி வடக்கே வர வழியிருக்கவில்லை. நீடித்துப் பேணுதல் ஓரிடத்தில் கொள்கையாகவும் மற்றோரிடத்தில் விதியாகவும் இருந்தது.

2002 இல் ஏ9 வீதி திறக்கப்பட்டபோது உதிரிப்பாகங்களும் வந்தன. 2006 ஓகஸ்டில் அது மீண்டும் மூடப்பட்டது. 2009 இன் பின்னரே நிலையாகத் திறந்தது. இன்று பற்றரி வாங்குவது பணத்தைப் பொறுத்த விடயம் மட்டுமே. அதனோடு ஒரு பழக்கமும் வந்துள்ளது. வண்டி தொடங்கவில்லையெனில் முதலிற் பற்றரியை மாற்று. பின்னர் ஸ்ராட்டரை மாற்று. பின்னர் கொயிலை மாற்று. மாற்றிக்கொண்டே போனால் ஒருநாள் குறையுள்ள பாகமும் மாறிவிடும் என்பது உண்மைதான். ஆனால் ஒரு ரூபாவுக்கும் பெறாத உப்புத்தாளால் தீரவேண்டிய குறை அதற்குள் பல்லாயிரம் ரூபாவை விழுங்கியிருக்கும். புதிய பற்றரியின் மிகைவலுவினால் களிம்பின் இழப்பு சில மாதம் மறைந்துநிற்பதும் உண்டு. உரிமையாளர் குணமாயிற்று என மகிழ்வார். மாரி தொடங்கியதும் மீண்டும் பழைய கதை.

இளைய தொழிலாளர் ஒருவர் இவ்வண்டியொன்றைத் தொடுமுன் அறியவேண்டியவை இன்னும் இரண்டுள. முதலாவது, அக்காலப் பிரித்தானிய வண்டிகளுட் பெரும்பாலானவற்றில் உடலோடு இணைக்கப்படுவது பற்றரியின் நேர்முனை. இன்றைய வழக்கிற்கு நேர்மாறானது. பழக்கத்தின் காரணமாக மாற்றிப் பூட்டினாலும் ஸ்ராட்டரும் விளக்கும் இயங்கவே செய்யும். ஆனால் டைனமோவும் அதன் கட்டுப்பாட்டுப் பெட்டியும் குழம்பும். அல்ரனேற்றர் பொருத்தி மாற்றியமைத்த வண்டியிலோ இத்தவறு அதன் டயோட்டுகளை ஒரு கணத்திற் சுட்டுவிடும். எனவே எந்த முனை எர்த் எனப் பாராமல் பற்றரியைத் தூக்கக்கூடாது.

இரண்டாவது இதனினும் கடினமானது. லூக்காஸ் நிறுவனத்தார் தம் வயர்களுக்கு நிறவொழுங்கு ஒன்றை வகுத்திருந்தனர். பற்றரியிலிருந்து நேரே வருவது மண்ணிறம். சாவி வழியே வருவது வெள்ளை. பியூசைத் தாண்டியது பச்சை. உடலுக்குச் செல்வது கறுப்பு. இவ்வொழுங்கை அறிந்தவர் வரைபடமின்றியே பாதையைத் தொடரலாம். ஆனால் தடைக்காலத்தில் எரிந்துபோன வயருக்குப் பதிலாகக் கிடைத்த வயர் இடப்பட்டது. வீட்டு மின்வயரும் வானொலியிற் கழற்றியதும் அதற்குள் அடங்கும். நிறம் பார்க்க நேரமும் இல்லை, தேவையும் இல்லை. பூட்டியவருக்கு அது எங்கே போகின்றது என்பது தெரியும். அவ்வாறு பூட்டியவர்களுட் பலர் இன்று முதியவர், சிலர் நாட்டில் இல்லை, சிலர் உயிரோடில்லை. குடாநாட்டில் ஓடும் ஒவ்வொரு பழைய காருக்கும் இப்போது ஒரு தனி மின்வரைபடம் உண்டு. அது தாளில் இல்லை. கறுப்பு வயர் எர்த்துக்குப் போகும் என்று நம்பி அதனைத் தொடுபவர், முதலில் ஒரு சோதனை விளக்கின் ஒரு முனையை உடலிற் பூட்டி, மறுமுனையால் அந்த வயரைத் தொட்டுப் பார்க்கட்டும். விளக்கு எரிந்தால் பெயர் கறுப்பு, வேலை மண்ணிறம். அதனை ஒரு கொப்பியில் எழுதிவிட்டு அடுத்த வயரைத் தொடலாம்.